சுடர்விழி பிரித்துப் பெயர் வைத்த மெத்தட்

சுடர்விழி சுத்தக்காரி. வீட்டில் எப்படியோ, கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கோடிலும் அப்படித்தான். புதுக்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. கோடில் ஒரு வேலைக்கென்று பெயர் வைத்து எழுதுகிற துண்டுக்கு மெத்தட் என்று பெயர். யாரோ எழுதிவிட்டு ஓடிப்போன நீளமான மெத்தடைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஒரு மெத்தட் ஒரு வேலைதான் செய்ய வேண்டும், அது என்ன வேலை என்று அதன் பெயரே சொல்லிவிட வேண்டும் என்பாள். கட்சிக்கு ஆள் பிடிப்பதுபோலப் பக்கத்து நாற்காலிகளிலும் இதைப் பிரச்சாரம் செய்வாள். அவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவளுடைய அம்மா இன்னாசியம்மாளுக்குச் சிறுநீரகம் பழுது. இலுப்பூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து டயாலிசிஸுக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வந்துபோக வேண்டும். திரும்பும்போது வழியெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தால் அந்த உயிர் கொஞ்சம் பிழைத்துக் கிடக்கும். சுடர்விழியின் கம்பெனியே பராமரிக்கிற வாடகை வீட்டு வெப்சைட்டில் அவளும் மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தாள். எந்த வீட்டைக் கேட்டாலும், அது போய்விட்டது என்றே பதில் வந்தது. நமக்கு ராசி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெப்சைட்டின் கோடைத்தான் டீம் லீடர் ஆனந்தராஜ் அவளிடம் கொடுத்தார். "வீடு கேட்டு ஆள் வந்தா நடக்குற அத்தனையும் ஒரே மெத்தட்ல குமிஞ்சு கெடக்கு. பிரிச்சு வைம்மா."

ஆசையாக உட்கார்ந்தாள். போன் எண்ணைச் சரிபார்ப்பது தனி, முன்பணத்தைக் கணக்கிடுவது தனி, வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்புவது தனி. நடுவில் ஒரு துண்டு வந்தது. கேட்பவரின் சொந்த ஊர் முகவரியில் காலனி என்ற சொல் இருந்தால், வீட்டுக்காரருக்குத் தகவலே போகாது. கேட்டவருக்கு மட்டும் வீடு போய்விட்டது என்று செய்தி போகும்.

அந்தோணியார் கோயில் தெரு, காலனி. அவளுடைய முகவரி அது. வீடுகள் எங்கேயும் போகவில்லை, பூட்டிக் கிடந்திருக்கின்றன.

அதையும் தனியாகப் பிரித்தாள். பெயர் வைக்க வேண்டுமே. கோடில் ஆங்கிலத்தில்தான் வைத்தாள், அர்த்தம் இதுதான்: காலனி ஆட்களை ஒதுக்கு.

ஆனந்தராஜ் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சங்கடம். திரையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்னம்மா, இப்பிடிப் பேரு வச்சிருக்க?"

"அது செய்யிற வேலையத்தான் சார் வச்சிருக்கேன்."

"கிளையண்ட் கேட்டாங்கன்னு முன்னாடி இருந்தவன் போட்டது. நம்மளா போட்டோம்? முகவரியைச் சரிபார்னு மாத்திரு."

"எடுத்துர்றேனே சார்."

"எடுத்தா வீட்டுக்காரங்க போனப் போட்டுக் கத்துவாங்க. புராஜெக்ட் போயிரும். அப்பறம் ஒனக்கும் சம்பளம் கெடையாது, எனக்கும் கெடையாது."

சம்பளம் நின்றால் அம்மாவின் மருந்தும் நிற்கும். மாற்றினாள். மாற்றியபின் அந்தக் கோடு படிக்க எவ்வளவு லட்சணமாக இருந்தது என்கிறீர்கள். போன் எண்ணைச் சரிபார், முகவரியைச் சரிபார், முன்பணத்தைக் கணக்கிடு. பச்சைப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

ஒரு வழி மிச்சம் இருப்பதையும் அவள் கண்டுகொண்டாள். ஒற்றை அறைகளுக்கென்று அந்த வெப்சைட்டில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பழைய மெத்தட் சிக்கலிலிருந்து இந்த ஒதுக்கும் துண்டைப் பிய்த்தெடுத்து அங்கேயும் போட முன்னாடி இருந்தவனுக்குச் சோம்பல். அங்கே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிற தூரம், கீழ்த்தள அறை. அறைக்காரரின் போன் எண்ணையும் விலாசத்தையும் பார்க்கப் போகும் அன்றுதான் கொடுப்பார்கள். இன்னாசியம்மாள் அன்றிரவு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆனந்தராஜ் அவள் மேஜைக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கோடு ரொம்பத் தெளிவா இருக்குன்னு கிளையண்டுக்குச் சந்தோசம். அந்த முகவரி மெத்தட்தான் தனியா வந்துருச்சே, ரூம் பக்கத்துலயும் சேத்துரச் சொல்றாங்க. இதுக்கு முன்ன கேட்டு நிலுவையில இருக்குற ஆளுங்களுக்கும் ஓட்டணுமாம்."

தன் போன் எண்ணை மட்டும் விட்டுவிடும்படி ஒரு வரி சேர்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பழைய மெத்தடாக இருந்தால் அந்தக் குப்பைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்திருக்கலாம், வருடக்கணக்கில் எவன் கண்ணிலும் பட்டிருக்காது. இப்போது ஒவ்வொன்றும் நாலைந்து வரி. எங்கே வைத்தாலும் மூக்கு நுனியில் மரு மாதிரித் தெரியும். ஒவ்வொரு மெத்தடாகத் திறந்து பார்த்தாள். ஒளித்து வைக்க இடமே இல்லாமல் செய்து வைத்திருந்தாள். தனக்கு மட்டும் இடம் தேடினோமே என்பது பிறகுதான் உறைத்தது, அந்த வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

முடியாது என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த மெத்தடை அறைகளின் பக்கத்திலும் ஓடவைக்க ஒரு வரி போதுமாக இருந்தது. எழுதி ஓட்டினாள். கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

வீட்டில் இன்னாசியம்மாள் நல்ல சேலை ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் போவமா, வெள்ளனவே போயிருவமா?"

"அந்த ரூம் போயிருச்சும்மா."

"போகட்டும்டி, நம்மளவிட அவங்களுக்கு என்ன அவசரமோ." இன்னாசியம்மாள் சேலையை மடிக்கத் தொடங்கினார். "யாரு எடுத்தாகளாம்?"