வலிக்காத கால்

செருப்பு கழன்றது தெரியாமல் சேக்காட்டிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரை நடந்து போனதுதான் முதல் அறிகுறி. இடது காலில் செருப்பு இல்லை என்று பிளாட்பாரத்தில் யாரோ சொல்லித்தான் குனிந்து பார்த்தேன். என் மனைவி வசந்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கெண்டைக்காலில் தேமல் போல வெளுத்த ஒரு திட்டும் இருந்தது. அரிக்கவில்லை, எரியவில்லை, அதனால் அதை யாரும் மதிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. தொழிற்சாலையில் எனக்கு லேத்தில் கடைசல் வேலை.

அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டேன். எங்கள் குருசாமி (கூட்டத்தை மலைக்கு அழைத்துப் போகும் மூத்தவர்) என்னோடு வேலை பார்த்தவர்தான். பம்பை வரை பஸ்ஸில் போகிற சுகமெல்லாம் அவரிடம் கிடையாது. எருமேலியில் இறங்கி, பெரிய பாதையில், காட்டுக்குள் வெறுங்காலில் நடக்கவேண்டும்.

அழுதை ஆற்றைத் தாண்டியதுமே ஏற்றம் தொடங்கிவிட்டது. கரிமலையில் வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். இறக்கம் அதைவிட மோசம், முழுக்கக் கூர்க்கல். கூட வந்தவர்கள் பாறைக்குப் பாறை உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டார்கள். நான் உட்காரவே இல்லை. பின்னால் வந்த குருசாமி கூப்பிட்டார்.

"சாமி, நில்லு. கால்ல ரத்தம் வந்துகினு கீது, தெரில உனக்கு?"

திரும்பினேன். வந்த வழியெல்லாம் கல்லில் ரத்தம் இருந்தது. இடது பாதத்தில் ஒரு முள் முழுசாக ஏறியிருந்தது. அவர் பிடுங்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உன் வலிய ஐயப்பனே எட்த்துகினாரு" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னிசாமிகள் (முதல் தடவை மலைக்கு வருகிறவர்கள்) ஒவ்வொருவராக வந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீலிமலை ஏற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் போனேன்.

ஊர் திரும்பியதும் காய்ச்சல் கண்டது. கால் பூசணிக்காயாக வீங்கி நாற்றமெடுத்தது.

"இம்மாம் வீங்கிக் கீது, வலிக்கலன்றியேய்யா" என்று வசந்தா அழுதாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதும் அவள்தான்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சால கால்ல தொடுவேன். தொடும்போது சொல்லுங்க."

காத்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார்.

தொழுநோய் (நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடும் கிருமி நோய்). முள் ஏறிய இடத்தில் சீழ் எலும்பு வரை போயிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"வலி இருந்திருந்தா மலையிலேயே உட்கார்ந்திருப்பீங்க. விரல் தப்பிச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

"உணர்ச்சி திரும்ப வருமா சார்?"

"மாத்திரையால நோய் நிக்கும். போனது பெரும்பாலும் வராது."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நானும் வசந்தாவும் வீடு வந்தோம். டாப்சோன் (இந்நோய்க்கான மாத்திரை) தவறாமல் விழுங்கினேன். என் காலைத் தொட்டவர்கள் செய்தி தெரிந்தபின் பல நாள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்களாம். கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. குருசாமி எங்கள் தெருவுக்கே வருவதை விட்டுவிட்டார். அது மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் உடம்பிலும் உணர்ச்சியில்லாத திட்டு இருக்கலாம். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், இன்றைக்கே போய்க் காட்டுங்கள். காட்டத் தாமதித்தவன் பிழைப்பு என்னவென்றால், காலையில் காலில் பட்ட அடி சாயங்காலம் பார்க்கும்போதுதான் தெரியும். மற்றவர்களுக்கு உடம்பு உடனே சொல்லிவிடுகிறது. என் இடது கால் எனக்கு அரைநாள் பின்னால் வருகிறது. அதனால் தினமும் பொழுது சாய்ந்ததும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். வசந்தா தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவாள்.

விரல்களை எடுத்த அடுத்த வருஷம் கார்த்திகையில் பழைய கூட்டம் மலைக்குக் கிளம்பியது. சரண கோஷம் பக்கத்துத் தெருவோடு போய்விட்டது. என் இடது கால் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது, வசந்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொடு. நீ எப்ப தொடறியோ அப்ப நான் சொல்றேன்."

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு குதிகாலில் எறும்பு ஊர்வதுபோல் ஏதோ இருந்தது.

"இப்ப" என்றேன்.

"ஆமாய்யா. இப்பத்தான் தொட்டேன்."

சந்தோஷத்தில் கண்ணைத் திறந்தேன். வசந்தா தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். கை இரண்டும் ஈரமே படாமல் காய்ந்திருந்தன.

நான் பார்த்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.