வெள்ளச்சியும் பிறந்த வீட்டுக் கோடியும்

"ஏனுங்க, இந்த நாய்க்குச் சோறே போடறதில்லீங்களா?" எங்கள் வீதியில், என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த அக்காவிடம் இதைக் கேட்காதவர்களே கிடையாது. காலையில் கம்பெனி வேன் வந்து நிற்கும் முக்கில் அக்கா டிபன் பையோடு நின்றிருப்பார். பக்கத்தில் அந்த நாயும் நிற்கும். கன்னி என்கிற நாட்டு நாய். உடம்பெல்லாம் கருப்பு, கண்ணுக்கு மேலே பொட்டு வைத்ததுபோல் ஒரு செம்மஞ்சள், கால்களிலும் அதே நிறம். விலா எலும்பு வெளியே தெரியும், வயிறு உள்ளே ஒட்டிக் கிடக்கும். வேட்டைக்கு ஓடுகிற இனம், அதன் உடல்வாகே அப்படித்தான் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் நம்ப வேண்டுமே! "என்னைய விட ஒரு கவளம் கூடத்தான் திங்குது" என்பார் அக்கா. போதாக்குறைக்கு அந்தக் கருப்பு நாய்க்குப் பெயர் வெள்ளச்சி. கண்பட்டுவிடக் கூடாதென்று அக்காவின் அம்மா வைத்த பெயராம். வேன் வந்து நாங்கள் ஏறியதும் அது குரைக்காது, பின்னால் ஓடி வராது. திரும்பி, தன் லைன் வீட்டைப் பார்த்து நடந்துவிடும். தரையில் கால் பட்டும் படாத மாதிரி ஒரு நடை. சன்னலோர சீட்டுக்காகச் சண்டை போடுகிற நான் அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் சீட்டைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

நான் மங்கலத்துத் தறிக்கார வீட்டுப் பெண். அப்பா தறிகளை விற்றபின் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, பிறகு சூப்பர்வைசர் ஆனவள். வாய் கொஞ்சம் நீளம் என்று எனக்கே தெரியும். அக்கா ஓவர்லாக் மிஷினில் இருந்தார். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு ஊர். புருசன் செத்தபின் பிழைப்புக்கு வந்தவர், பிள்ளை கிடையாது. அக்காவுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்மெண்டுக்கு வர முடியுமா என்றால் சரி. அடுத்த மிஷின்காரி தான் கெடுத்த பீஸ்களைப் பிரித்துத் தைக்கச் சொல்லித் தள்ளிவிட்டால் அதற்கும் சரி. "ஏனுங்கக்கா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?" என்று நான் எரிந்து விழுவேன். "போகுது விடு தாயி" என்பார். அவருக்கும் சேர்த்து நானே எல்லாரோடும் சண்டை போட்டேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் வளர்ந்தது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போகும்போது ஒரு பெட்டைக் குட்டியைக் கூட அனுப்புவார்கள். விலைக்குக் கொடுக்கவே மாட்டார்கள். அந்த நாய் ஈனும் முதல் பெட்டைக் குட்டி மட்டும் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அப்படிப் போய், அப்படித் திரும்பித்தான் அந்த வம்சம் அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது. அக்கா கல்யாணத்துக்குக் கொண்டுபோன நாய் புருசனுக்கு முன்னாலேயே போய்விட்டது. தனியாகத் திருப்பூருக்குக் கிளம்பும் மகளுக்கு அம்மா இரண்டாம் தடவையாகக் கொடுத்தனுப்பிய குட்டிதான் வெள்ளச்சி. அது இன்னும் ஈனவில்லை. இந்த ஊரில் அதற்கு ஏற்ற ஆண் நாய்க்கு எங்கே போவது? பருவத்துக்கு வரும்போதெல்லாம் அக்கா அதை வீட்டுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, வாசலில் கூடுகிற தெருநாய்களைத் துடைப்பத்தால் விரட்டுவார். அதற்குள் ஊரில் அம்மாவும் தவறிப்போனார். பிறந்த வீடு என்று மிஞ்சியது தம்பி ஒருவர்தான்.

அக்காவுக்கு வயிற்று வலி என்று போனதில் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். கோயம்புத்தூரில் வைத்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கொஞ்ச காலம் மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். பிறகு நோய் வேறு இடங்களுக்கும் போய்விட்டது என்று தெரிந்தது. சேலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியும் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனார். வேன் நிற்கும் முக்கில் அந்த இருவரையும் பார்த்தவர்கள் இப்போது நாயைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் அக்காவே பேச்சை எடுத்தார். "நான் இருக்கும்போதே இதுக்கு ஒரு எடம் பாத்துரணும் தாயி." நான் அழுதுவிடக் கூடாதென்று, "ஆமா, நீங்க நாளைக்கே போறீங்க பாருங்க" என்று சண்டைக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

செய்தி கேட்டுத் தம்பி வந்தார். நான் அவரை என்னமோ வில்லன் மாதிரி எதிர்பார்த்திருந்தேன். அவர் வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பினார். கருப்பட்டியும் சேவும் வாங்கி வந்திருந்தார். தன் கையாலேயே அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினார். கிளம்பும்போது, "வெள்ளச்சிய நான் கொண்டுபோயிருதேன்க்கா. அம்மா வழி. நம்ம வீட்டுலயே கெடக்கட்டும்" என்றார். அக்கா சிரித்த முகமாக, "அதுக்கென்னப்பா, அடுத்த வாரம் வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்று சொன்னார். எனக்குப் பெரிய நிம்மதி. இடம் தேடும் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் தெருமுனையைத் தாண்டியதும் அக்கா சொன்னார். "அங்க மட்டும் அனுப்பிராத தாயி."

அதற்கு முந்தைய வருடம் அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போன கதையை அப்போதுதான் முழுதாகச் சொன்னார். மழை ஏமாற்றி வெள்ளாமை இல்லாமல் போனதில் தம்பி நாய் வளர்ப்பில் இறங்கியிருக்கிறார். நாட்டு நாய்களுக்கு இப்போது மவுசு வந்துவிட்டதே, எங்கிருந்தெல்லாமோ கார் போட்டு வந்து குட்டி வாங்கிப் போகிறார்களாம். வீட்டுக்குப் பின்னால் கம்பிக் கூண்டுகள். அதில் ஒன்றில் வெள்ளச்சியின் தாய் கிடந்திருக்கிறது. ஈன்று ஈன்று மடி தரையில் இழுபட, கண்ணில் ஒளியில்லாமல். அக்காவைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் வாலை மட்டும் ஆட்டியதாம். "அவனக் குத்தஞ்சொல்ல மாட்டேன். ரெண்டு பொட்டப்பிள்ள வச்சிருக்கான். ஆனா அந்தக் கூண்டுக்குள்ள இத விட மாட்டேன்." அக்கா வாயில் 'மாட்டேன்' என்ற வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதையும் அவர் தம்பியிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

"அப்பறம் எதுக்குங்கக்கா சரின்னு தலையாட்டுனீங்க?" என்று கத்தினேன். தம்பியின் முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது என்றார். அவன் மனம் கோணிப்போனால் தனக்குக் கோடி போட யார் வருவார்கள் என்றார். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போட வேண்டும். அது வராமல் ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு போனால் நாதியற்றவள் என்று அர்த்தம். "லாரி லாரியாத் துணி போற ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒரு சேலைக்கா கவலைப்படறீங்க?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் மங்கலத்திலும் அதே வழக்கம்தான். அந்தச் சேலை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியாததா?

கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையில் என் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அத்தையும் மாமாவும் மட்டும்தான். ஓடுவதற்கு இடமும் அன்பான ஆட்களும். போன் போட்டேன். "தாராளமா கூட்டியாங்க கண்ணு" என்ற மாமா கொஞ்சம் யோசித்து, "ஆனா, பொறந்தவன் நேர்ல வந்து 'எங்கம்மா ஊட்டு நாய்ங்க'ன்னு கேட்டா நான் எப்படிங்க இல்லீன்னு சொல்றது? அவிங்க உரிமையாச்சே" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவுக்குச் சொல்ல வராது, மாமாவுக்கும் சொல்ல வராது. உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் இல்லையென்று சொல்ல வாய் இருந்தது. எனக்கோ அந்த நாய்மேல் எந்த உரிமையும் இல்லை.

கால்நடை டாக்டர்தான் வழி சொன்னார். வெறிநாய் ஊசி போடப் போன இடத்தில் நான் புலம்பியதைக் கேட்டு, "கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா யாரும்மா தேடி வரப்போறாங்க?" என்றார். சொன்ன வேகத்திலேயே நாயின் முதுகைத் தடவிக்கொண்டு, "ஆனா இந்த மாதிரி சுத்தமான கன்னி இப்பக் கிடைக்கிறதே அபூர்வம். இதுக்குப் போய்ப் பண்ணணுமான்னு நல்லா யோசிச்சுக்கங்க. பண்ணிட்டா திருப்ப முடியாது" என்றும் சொன்னார்.

அதை அக்காவிடம் சொன்னேன். வெள்ளச்சி கட்டிலுக்குப் பக்கத்தில், அக்காவின் தொங்கிய கைக்குக் கீழே தன் தலை வருகிற மாதிரி பார்த்துப் படுத்திருந்தது. "எனக்கு எடுத்தாக. அந்த வலி இன்னும் இருக்கு. இதுக்குமா?" என்றார் ஒருதடவை. இன்னொரு தடவை, "அம்மாவுக்கு ஒரு குட்டி திருப்பிக் குடுக்கணுமே" என்றார். அம்மா இல்லை என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அம்மாவும் அவருடைய அம்மாவும் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்ததைத் தன் கையால் முடித்துவைக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? தம்பி வரும் நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்த சில நாட்கள் அவை. கடைசியில் அக்காவே சொன்னார்: "பண்ணிரு தாயி. கொமரலிங்கத்துல நல்லா ஓடட்டும்."

ஆட்டோவில் நான்தான் கொண்டுபோனேன். மயக்கம் தெளியாமல் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். அக்கா எழ முடியாமல் எழுந்து, கீழே இறங்கி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். சவரம் செய்த அந்த வயிற்றில் தையலைத் தொடாமல் சுற்றிலும் தடவினார். "ஆத்தா, மன்னிச்சிரு" என்றார். நாயிடம் சொன்னாரா, செத்துப்போன அம்மாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

சொன்னபடி தம்பி வந்தார், புதுக் கயிறு வாங்கிக்கொண்டு. நாய் எழுந்து அவரிடம் வந்தது. அவர் குனிந்தார், தையலைப் பார்த்தார். கேட்பார், கத்துவார், நான் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக நின்றேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது. தட்டில் போட்டு வைத்த சோற்றைத் தம்பி தொடவில்லை. "வாரேன்க்கா" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கயிறு வாசலில் கிடந்தது. அதற்குப் பிறகு அக்கா போன் போட்டால் அவர் எடுக்கவில்லை.

தையல் ஆறியதும் வெள்ளச்சியைக் கொமரலிங்கத்தில் விட்டுவந்தேன். அது மாமாவின் தோப்பில் ஓடுவதைப் போனில் படம் பிடித்து அக்காவுக்குக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். கம்பெனியில் இருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். பக்கத்து லைன் வீடுகளில் இருந்த தென்மாவட்டத்துப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள்: "பொறந்த வீட்டுக் கோடி வந்திருச்சா?" நான் தம்பிக்குப் போன் போட்டுப் போட்டு, எடுக்காததால் குரல் பதிவு அனுப்பினேன். கெஞ்சினேன், நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கம் இல்லாதவள். மின்மயானத்துக்கு நேரம் ஆகிறது என்று வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். பெட்டியைத் திறக்கும் சமயத்தில் ஆட்டோ வந்து நின்றது. கையில் மஞ்சள் பையோடு தம்பி இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. மாம்பழ நிறத்தில் சேலை, அரக்குக் கரை. அக்காமேல் போர்த்தி, காலிலிருந்து தோள்வரை சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். பெண்கள் குலவையும் அழுகையுமாகக் கத்தினார்கள். நானும் வாய்விட்டு அழுதேன். அக்கா பயந்தது நடக்கவில்லை.

எல்லாம் முடிந்து அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா எதுக்கு அப்படிச் செஞ்சா?" என்று கேட்டார். இனி மறைத்து என்ன? கூண்டைப் பற்றிச் சொன்னேன், தாய் நாயைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "மாட்டேன்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுருப்பேனேம்மா. எங்கக்கா கேட்டு நான் எதத் தரமாட்டேன்னேன்? அம்மா வளத்த வழி அந்த ஒண்ணுலதான் மிச்சம் இருந்துச்சு, குட்டிகள எல்லாம் வித்துட்டேன், தாய் நாயும் செத்துப்போச்சு" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியை நான் கையால் காட்டினேன்.

அவர் உண்மையில் விட்டிருப்பாரா? பல தடவை யோசித்துவிட்டேன். இழவு வீட்டில் எல்லாருக்கும் மனம் பெரிதாகத்தான் இருக்கும், மறுநாள் கடன்காரன் வந்தால் அது சுருங்கிவிடும் என்று சில நாள் தோன்றும். அவர் சேலையை நீவிவிட்ட கை ஞாபகம் வரும் நாட்களில், விட்டிருப்பார் என்றே தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

வெள்ளச்சி கொமரலிங்கத்தில் நன்றாக இருக்கிறது. இப்போது முகவாய் நரைத்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "குட்டி கெடைக்குங்களா?" என்று கேட்கிறார்கள். மாமா, "இல்லீங்க" என்கிறார். கேட்பவர் உறவில்லை என்பதால் அவருக்கு அது சுலபமாக வருகிறது. அக்காவின் திதி வரும்போதெல்லாம் தம்பியிடமிருந்து எனக்கு போன் வரும். அக்காவைப் பற்றிப் பேச மாட்டார். "அது நடக்கத ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா, ஓட வேண்டாம், நடந்தாப் போதும்" என்பார். போன வாரமும் கேட்டார். தோப்பில் அதன் பின்னாலேயே போய் எடுத்து அனுப்பினேன். "எங்கம்மா நாய் நடை" என்று பதில் எழுதியிருந்தார். சற்று நேரம் கழித்து இன்னொன்று வந்தது: "இன்னும் கொஞ்சம் நீளமா எடுங்க."