சூடு ஏறினால்தான் பிடிக்கும் பிரேக்

1. அனுமந்தன்பட்டி ரோட்டில்

மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. மரக்கட்டையை மிதித்த மாதிரி இருந்தது. பால் கேனோடு சைக்கிளில் ரோட்டைக் கடந்தவரைத் தட்டிவிட்டு, கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. அவருக்குக் கால் முறிந்துவிட்டது.

மார்கழி மாதக் காலை. கம்பத்தில் ஷெட்டிலிருந்து எடுத்த பிறகு பிரேக்கைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை. பின் சீட்டில் என் முதலாளி, ஏலக்காய் வியாபாரி, உட்கார்ந்திருந்தார்.

2. வெளிநாட்டுச் சரக்கு

முதலாளியின் மகனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். கோயம்புத்தூர் டிராக்கில் ஓட்டுவதற்காக வீட்டுக் காரின் பிரேக்கிலேயே, சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற கட்டையைக் கழற்றிவிட்டு, பந்தயத்துக்கான ரேஸ் பேடு மாட்டினார். "சூடு ஏறுனாத்தாண்ணே இது பிடிக்கும். ஒரு ரவுண்டு சூடேத்திட்டுத்தான் விரட்டணும்" என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். திரும்பி வந்து பேடை மாற்றவில்லை.

நான் முதலாளியிடம் சொன்னேன். "ஐயா, காலையில பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. பழைய பேடையே மாட்டச் சொல்லுங்க."

"ஏலே, வெளிநாட்டுச் சரக்கு, அதுவா பிடிக்காது? உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லு."

வயிற்றுப் பிழைப்பு, ஓட்டினேன்.

3. பிரேக் இன்ஸ்பெக்டர்

ஸ்டேஷனில் முதலாளி வாய் கூசாமல் சொன்னார்: "டிரைவர் கண்ணசந்துட்டான்." மகன் பெயர் கேஸில் வரக் கூடாதே!

விபத்து வண்டியை ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக் கோளாறு என்று எழுதினால் என் லைசென்ஸ் தப்பிக்கும். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் தொலைந்தேன்.

"நானே கொண்டாந்து தர்றேன் சார்" என்று மகன் வண்டியை மைதானத்துக்கு எடுத்து வந்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். ஓடுகிற வண்டியில் பிரேக் லைட் அணையவே இல்லை. அடப்பாவி! இடது காலால் பிரேக்கை அழுத்தியபடியே ஓட்டிச் சூடேற்றுகிறான்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஓட்டினார். மிதித்த இடத்தில் நின்றது.

"சார், கொஞ்சம் ஆறவிட்டு ஓட்டிப் பாருங்க" என்று கத்தினேன்.

"ஆறவிட்டுப் பாக்குறதுக்கு அது என்ன சோறாய்யா?" என்றார். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னமும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

4. மிச்சம்

லைசென்ஸ் போனது, வேலையும் போனது. பால்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஏண்ணே, தூக்கம் வந்தா வண்டிய ஓரங்கட்டக் கூடாதா? ஒங்க முதலாளி இங்கன வந்து அழாத கொறையாச் சொல்லிட்டுப் போனாக."

"நான் தூங்கலய்யா" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்குச் சொல்கிறேன். ரேஸ் பேடு டிராக்குக்கு மட்டும்தான். மைதானத்தில் கூம்பு நட்டு ஓட்டுகிற ஆட்டோகிராஸுக்குக்கூட அது ஆகாது, சூடேறுவதற்குள் ரவுண்டு முடிந்துவிடும். ரோட்டுக்கு, குளிரிலும் முதல் மிதியிலேயே பிடிக்கிற சாதாப் பேடுதான் வேண்டும். காலையில் ஷெட் வாசலிலேயே மிதித்துப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பேடு மாட்டினவன் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது, ஓட்டினவன் பெயர்தான் வரும்.