ரேகை தேஞ்ச கைங்களுக்குக் கமலம் வச்ச நோட்டு

போன் வந்தப்ப நான் ஈயம் தோண்டுற லம்பத்துல, மணல் இழுக்கிற பம்பைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். பேசினது பேங்கு மேனேஜர். பிரசவத்துக்கு காஜா பெராங்குல இருக்கிற தாய்வீட்டுக்குப் போயிருந்த என் கமலம் தவறிட்டாளாம், புள்ளையும் தங்கலையாம். மூச்சு விடாம அடுத்ததைக் கேட்டாரு: "அந்த நோட்டு எங்க வச்சிருக்காங்க?" நானும், வீட்டு அலமாரியில இருக்குங்கன்னு பதில் சொன்னேன். அத நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

அவளோட சிநேகிதியான உங்களுக்கு அந்த பேங்கைப் பேரளவுலதான் தெரியும். ஜப்பான்காரன் போனப்புறம் லம்பத்து மொதலாளி தவுக்கேயும் நாலு கடைக்காரங்களும் சேர்ந்து, மளிகைக்கடையில பாதிய மறிச்சுத் தொடங்கினது. கையெழுத்துத் தெரியாதவங்க பெருவிரல் வைக்கணும். டூலாங் தட்டுல நாள் பூரா மணல் அலசி ஈயம் எடுக்கிற பொம்பளைங்களுக்கு ரேகை எப்படி நிக்கும்? பணம் போடும்போது யாரும் கேக்கலை. எடுக்க வந்தா, ரேகை ஒத்துவரலைன்னு திருப்பி அனுப்பினாங்க. தட்டு அலசுற மாரியாயி அக்கா, புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பணம் கேட்டப்பவும் அதே பதில்தான். அங்க கணக்கு எழுதுற கிராணியா இருந்த கமலம் எழுந்து நின்னு மேனேஜர்கிட்ட சொன்னா: "அந்த ரேகையெல்லாம் லம்பத்து மணல்லதான் தேஞ்சு போச்சுங்க ஐயா. வேணும்னா அங்க போய்த் தேடுங்க."

அப்புறம் அவளே ஒரு வழி பண்ணினா. ஒவ்வொருத்திகிட்டயும், வெளிய சொல்லாத ஒரு சங்கதியத் தனியாக் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டா. பணம் எடுக்க வர்றவ அதை அவ காதுல சொல்லணும். மேனேஜர் குசுகுசு பேங்குன்னு கேலி பண்ணுவாரு.

கமலத்தோட கருமாதிக்கு அந்த மேனேஜர் காஜா பெராங்குக்குக் கார்ல வந்தாரு. சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, நோட்டைக் கேட்டாரு. வீட்டுல வச்சா எடுத்துடுவாங்கன்னு நான் அதை இடுப்புல சொருகிக்கிட்டு வந்திருந்தேன். குடுக்கலைன்னா அந்தப் பொம்பளைங்க பணம் முடங்கிடும்னாரு. குடுத்தா அவங்க மானம் அந்தாளு மேசை மேல. எனக்கு மண்டை ஓடலை. மத்த பொம்பளைங்களோட பஸ் புடிச்சு வந்திருந்த மாரியாயி அக்காகிட்டப் போய்ச் சொன்னேன்.

"அடுப்புல வை தம்பி. நான் யாருன்னு இவளுங்க சொல்லுவாளுங்க. இவளுங்க யாருன்னு நான் சொல்றேன்."

மேனேஜர் பாக்கவே நோட்டை அடுப்புல வச்சேன். மறுவாரம் எல்லாரும் ஒண்ணா பேங்குக்குள்ள போய், ஒருத்திக்கு ஒருத்தி சாட்சி சொல்லி நின்னாங்க. பேங்குக்காரங்க பேசிப் பாத்தாங்க, மெரட்டிப் பாத்தாங்க, யாரும் நகரலை. கடைசியில பணத்தைக் குடுத்தாங்க.

நாடு சுதந்திரம் வாங்கினதுக்கு அந்த பேங்கு ஒரு சிறப்பு மலர் போட்டிருக்கு. சாட்சி வச்சுப் பணம் குடுக்கிறது மேனேஜரோட யோசனையாம். மாலையோட அவர் படம் வேற. கமலம் பேரு எங்கயும் இல்லை. அந்தப் பக்கத்தைத் தொட்ட கையைக் கழுவணும்போல இருந்துச்சு.

அவ செஞ்சது உங்களுக்காவது தெரியணும்னுதான் இதை எழுதுறேன்.

நோட்டை நான் பிரிச்சுப் பாக்கலை. ரெண்டு வருஷம் என்கூட வாழ்ந்தவ, அதுல ஒரு வரிகூட எங்கிட்ட சொன்னதில்லை. ஒருதரம் கேட்டதுக்கு, "உங்களப் பத்தி நான் யார்கிட்டயாவது சொல்றேனா?"ன்னா. அந்த வாயடக்கத்தைத்தான் அவகிட்டேர்ந்து எடுத்து வச்சிருக்கேன்.