நானூற்றுப் பன்னிரண்டு பொய்ப் பெயர்கள்

காலை எட்டு ஐந்துக்கு, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்கா கணினியின் தேதியை இருபத்தெட்டு வருடம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். இடது கையில் டீ டம்ளர், வலது கையின் ஒற்றை விரல் விசைப்பலகையில். கிடங்கில் ஓடிய பழைய மென்பொருளுக்கு ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு மேல் உலகமே கிடையாது. உண்மையான தேதியைக் கொடுத்தால் ‘தவறான தேதி’ என்று சொல்லித் திரையை இருட்டாக்கிக்கொள்ளும். இருபத்தெட்டு வருடம் பின்னால் போனால் தேதியும் கிழமையும் இம்மி பிசகாமல் பொருந்தும் என்பதை அவரேதான் கண்டுபிடித்தார். அச்சாகி வரும் பில்லில் உண்மைத் தேதியை ரப்பர் முத்திரையால் குத்துவார். “இந்த மெஷினப் பொறுத்தவரைக்கும் எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல,” என்பார் டீயை ஊதியபடி. “மாப்பிள்ள பாத்துட்டிருக்காங்க.”

தண்ணீர் மோட்டார்களுக்கான உதிரி பாகங்களை விற்கும் நிறுவனம் அது. முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட கவுண்டர், பின்னால் பதினான்கு வரிசை இரும்பு ரேக். அக்கா குள்ளம். மேல்தட்டுக்கு ஏணி வேண்டும், ஆனால் ஏணியைத் தேடாமல் கீழ்த்தட்டில் ஒரு காலை ஊன்றி ஏறிவிடுவார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும். அதைத் தேடுவதில் காலை நேரத்தில் பாதி போகும். ரப்பர் வளையத்தைக் கையில் கொடுத்தால் போதும், கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, “இது போன வருஷச் சரக்கு, இறுகிப்போச்சு, குடுக்காத” என்று சொல்லிவிடுவார். அளவுகோலை நம்ப மாட்டார். அளந்து பார்த்தால் அவர் சொன்ன அளவுதான் இருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக அவர் அங்கே இருக்கிறார். அதில் கடைசிப் பதினோரு வருடம் ஒரு ரகசியத்தோடு.

பழைய மென்பொருளில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பொருள்களுக்குமேல் பதிய முடியாது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்த எண் நிரம்பிவிட்டது. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். பதிந்ததை அழிக்கவும் வழியில்லை, பெயரைத் திருத்தவும் வழியில்லை. பெரிய முதலாளியிடம் போய்ச் சொன்னார் அக்கா. அவர் கண்ணைக்கூட நிமிர்த்தாமல், “எப்படியாவது ஓட்டும்மா” என்றார். அக்கா ஓட்டினார். விற்பனை நின்றுபோன பழைய பொருள்களின் எண்களில் புதுப் பொருள்களை ஏற்றினார். கணினியில் ‘பித்தளைக் குழாய், இரண்டு அங்குலம்’ என்று இருக்கும், உண்மையில் அது மோட்டாருக்குள் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல். கணினியில் ‘நைலான் கயிறு’, உண்மையில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி. இப்படி ஒன்றிரண்டில் ஆரம்பித்தது நூறாகி, இருநூறாகி வளர்ந்துகொண்டே போனது. எதற்கு எது என்ற கணக்கு அக்காவின் தலைக்குள் மட்டுமே இருந்தது.

அதனால் அவருக்கு விடுப்பு என்பதே இல்லாமல் போயிற்று. தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனவர் மண்டபத்தின் செருப்பு விடும் இடத்தில் நின்று, “கயிறுன்னு போட்டிருக்கும்டா, அதான் விசிறி, அதையே எடு” என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். புகைப்படம் எடுக்கும்போது மட்டும் உள்ளே வந்தார். எந்தப் படத்திலும் வாய் மூடியிருக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து ஏற்றும் வரை ரேக் எண் சொல்லிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து நர்ஸ் போனைப் பிடுங்கினார். அக்கா மயக்கத்தில் கிடந்த நேரத்தில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து சீல் கேட்டு ஆள் வந்தது. கவுண்டர்காரர் கணினியில் தேடினார். அப்படி ஒரு பெயரே இல்லை. “சரக்கு இல்லீங்க” என்று அனுப்பிவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆறாவது ரேக்கில் முந்நூறு சீல்கள் இருந்தன. அந்த இல்லத்தில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. விஷயம் தெரிந்தபோது அக்காவுக்குத் தையல் பிரித்த இடத்தைவிட வேறெங்கோ அதிகமாக வலித்தது. ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பெரிய முதலாளிக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போகவே, மகள் சின்ன முதலாளியம்மாவாகப் பொறுப்புக்கு வந்தார். வந்த மூன்றாம் மாதமே எல்லோரையும் கூட்டி, பழைய மென்பொருளை மூட்டை கட்டப் போவதாகச் சொன்னார். இனி கொள்முதல், சரக்கு, விற்பனை, ஆட்களின் விடுப்பு எல்லாம் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருளில். அதுவும் இங்கே ஒரு பெட்டிக்குள் இல்லை, கிளவுடில் இருக்கும், கையிலிருக்கும் போனிலேயே பார்க்கலாம்.

“மேகத்துலயா?” என்றார் கவுண்டர்காரர். “மழை வந்தா ஒழுகாதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஆறாவது ரேக்கைத் திரும்பிப் பார்த்தார்.

சரக்குப் பட்டியலை மாற்றிக் கொடுக்க மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்பார். பதில் சொன்னால் அதற்கும் ஒரு “ஏன்?” வரும். இரண்டாம் நாளே அக்கா அவருக்குக் ‘கேள்வியம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார். கேள்வியம்மா பழைய பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டு, இரண்டு ஆட்களை விட்டு ரேக்குகளில் இருப்பதை எண்ணச் சொன்னார். பட்டியலில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பொருள்கள் ரேக்கில் இல்லை. ரேக்கில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பொருள்கள் பட்டியலில் இல்லை.

சின்ன முதலாளியம்மா, கேள்வியம்மாவும் உட்கார்ந்திருந்த தன் அறைக்குள் அக்காவைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அந்த அறைக் கதவு சாத்தி அக்கா பார்த்ததே இல்லை.

“பித்தளைக் குழாய் முந்நூத்தி நாப்பது இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ரேக்ல ஒண்ணுகூட இல்ல. எங்கக்கா போச்சு?”

கேட்ட குரலில் கோபம் இல்லை. அதுதான் அக்காவைக் கலங்கடித்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாஷர்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தார்.

“அது குழாயே இல்லம்மா. அது சீல்.”

“என்னது?”

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஆரம்பத்தில் திக்கித் திக்கி, அப்புறம் மூச்சு விடாமல். நிரம்பிப்போன எண், பெரிய முதலாளி சொன்ன ஒற்றை வரி, கயிறு, விசிறி, முதியோர் இல்லம். சின்ன முதலாளியம்மா கேள்வியம்மாவைப் பார்த்தார். கேள்வியம்மா முதன்முறையாக ‘ஏன்’ என்று கேட்கவில்லை. கையிலிருந்த பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“ரெண்டாயிரத்து நூத்திப் பதினேழு?”

“காகிதத்துல நைலான் கயிறு. உண்மையில ஒன்றரை குதிரைச்சக்தி மோட்டாரோட விசிறி. அஞ்சாவது ரேக், கீழ்த்தட்டு. பதினெட்டு இருக்கணும்.”

கவுண்டர்காரரைக் கூப்பிட்டு எண்ணிவரச் சொன்னார்கள். அவர் போய், எண்ணி, திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“பதினேழு இருக்குங்க.”

அக்காவின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. கவுண்டர்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஒண்ண காலைல நான் வித்தேன். இன்னும் பில் அடிக்கல.”

சின்ன முதலாளியம்மாதான் முதலில் சிரித்தது. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “பதினோரு வருஷமா இத தலையிலயா வெச்சிருந்தீங்க? ஒரு நோட்டுல எழுதக் கூடாது?”

“எழுதி வெச்சா யார் கையிலயாவது கிடைச்சிரும். திருட்டுப் பட்டியல்னு நினைப்பாங்கன்னு பயம்மா.”

கேள்வியம்மா தன் நாற்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “புது சிஸ்டத்துல எத்தன பேரு வேணாலும் வைக்கலாம்க்கா. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் அதோட சொந்தப் பேரையே வெச்சிரலாம்.”

அக்கா தண்ணீர் கேட்டார். ஒரு லிட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தார்.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை செய்யும் கணவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டா அப்புறம் உன்ன எதுக்கு வெச்சுக்கணும்? ஒரு நாப்பத சொல்லாம கைல வெச்சுக்க. நாப்பதுக்காவது உன்னத் தேடி வருவாங்க.”

பேச்சில் நியாயம் இருந்தது. பாத்திரம் கழுவும்போதே எந்த நாற்பது என்று மனதுக்குள் தேர்ந்தெடுத்தும் விட்டார். அதிகம் விற்பவை, அவசரத்துக்குத் தேவைப்படுபவை. தேர்ந்தெடுத்து முடித்தபோது அந்த முதியோர் இல்லத்துக்குப் போயிருக்க வேண்டிய சீலும் அதில் இருப்பதைக் கவனித்தார். மறுநாள் காலை கேள்வியம்மா விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன்பே, “முதல்ல இந்த நாப்பத அடிங்க” என்று ஆரம்பித்தார்.

பத்து நாள் நடந்தது அந்த வேலை. ஒவ்வொரு பொருளாகச் சொல்லச் சொல்ல, அக்காவுக்குத் தலையில் ஏதோ காலியாவது தெரிந்தது. மதியச் சாப்பாட்டின் ருசி தெரிந்தது. பேருந்தில் உட்கார்ந்தபடி எண்களை ஒப்பித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது அவருக்கு. ஒரு நாள் பாதி வழியில், தான் வெறுமனே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வருவதைக் கண்டு அவரே திடுக்கிட்டார். கடைசியில் ஏழு எண்கள் மிஞ்சின. எவ்வளவு யோசித்தும் அவை எதுவென்று பிடிபடவில்லை. ரேக்கிலும் ஏழு பொருள்கள் மிஞ்சின. எதற்கு எது என்று யாராலும் சொல்ல முடியாது, அக்காவாலும்.

“மறந்துட்டேங்க,” என்றார் குற்றவாளியைப்போல.

“மறந்துருங்க,” என்றார் கேள்வியம்மா. “ஏழுக்கும் புதுசா பேரு போட்டாச்சு. பழைய எண் இனி யாருக்கும் வேண்டாம்.”

அக்கா அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் மறக்கச் சொல்லி அவருக்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை புது மென்பொருள் ஓடத் தொடங்கியது. பத்து மணிக்குள் இரண்டு முறை உள்ளே நுழையவிடாமல் கடவுச்சொல் கேட்டது. கவுண்டர்காரர் தன் மகளின் பெயரை நாலு விதமாக அடித்துப் பார்த்துக் கைவிட்டார். பிறகு சரியானது. பதினொன்றரைக்கு மருத்துவமனை ஒன்றிலிருந்து போன். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கசிகிறது, சீல் உடனே வேண்டும். அக்கா பாதி எழுந்துவிட்டார். வாய்க்குள் ‘பித்தளைக் குழாய்’ வந்து நின்றது. கவுண்டர்காரர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, திரையில் ‘சீல்’ என்று அடித்தார். “ஆறாவது ரேக், ரெண்டாவது தட்டு. இருக்குங்க, ஆள அனுப்புங்க.” எழுந்து போய் எடுத்துக்கொண்டும் வந்தார். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா பாதி எழுந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். மனதில் சுருக்கென்று ஒன்று தைத்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

பொருள்களை வாங்குமுன் தரம் பார்க்கும் வேலையைச் சின்ன முதலாளியம்மா அவருக்கே கொடுத்தார். “ரப்பர் இறுகிருக்கா இல்லையான்னு மேகத்துக்குத் தெரியாதுக்கா. அதுக்கு உங்க கட்டைவிரல்தான் வேணும்.” கணவரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அந்த நாப்பதயும் நீ சொல்லிட்டது சரிதான்,” என்றார் அவர், ஏதோ தான்தான் அந்த யோசனையைக் கொடுத்ததுபோல.

மூன்றாவது வாரம் அக்கா புது மென்பொருளில் விடுப்புக்கு விண்ணப்பித்தார். பன்னிரண்டு நாள். பொத்தானை அழுத்திய கையோடு, சின்ன முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டிய காரணங்களை வரிசையாக யோசிக்கத் தொடங்கினார். இரண்டாவது காரணத்தில் இருக்கும்போது பச்சை எழுத்தில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று வந்தது. ஏதோ பழுது என்று நினைத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பழுதெல்லாம் இல்லக்கா. போயிட்டு வாங்க.”

தங்கை இருக்கும் ஊருக்கு ரயிலில் ஒன்பது மணி நேரம். காலை வண்டி. ஜன்னலோர இருக்கை. எதிர் இருக்கையில் ஆள் இல்லை. வண்டி நகர்ந்து, நகரத்தின் கடைசிக் கட்டடங்கள் பின்னால் போய், வெளி திறந்தது. பக்கத்தில் இருந்த பெண்மணி பேச்சுக் கொடுத்தார். “எங்க வேலை பாக்கறீங்க?”

அக்கா சொல்ல வாயெடுத்தார். பிறகு, “லீவுல இருக்கேங்க,” என்றார்.

செருப்பைக் கழற்றிக் காலாலேயே இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, எதிர் இருக்கையில் இரண்டு கால்களையும் நீட்டி வைத்து, பத்து விரல்களையும் அகல விரித்தார்.