கரண்டிவாயனுக்காக வீசிய துண்டு

கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியும், "நல்லாத் தெரியுது" என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றுவார். வேண்டாம் வேண்டாம் என்றவரைப் பிடித்துத் தள்ளி ஆபரேஷனுக்கு அனுப்பியவள் நான். உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருந்தது.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கித் தூர்வாரிய பிறகு அங்கே விதவிதமாய்ப் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஞாயிறானால் பைனாகுலரும் கையுமாக நான் அங்கேதான் கிடப்பேன். அந்த ஞாயிறு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். முட்டிவலி என்று மடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தாலும் எடுக்கிற ஆள் இல்லை. எதிர்க்கரைக்குப் போய்ப் பார்க்கிறேன், ஏதாவது தென்பட்டால் துண்டை வீசுகிறேன், எழுந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கரையெங்கும் ஊத்தாக்கூடையும் வலையுமாகக் கூட்டம். அன்றைக்கு மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றும் காலத்தில் ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த வழக்கம்தான். தெரிந்து என்ன செய்ய? மூலைச் சேற்றில் பதினோரு கரண்டிவாயன்கள் அகப்பை மூக்கால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. இரண்டு வருடமாக நான் தவம் கிடந்த பறவை. வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டை உருவி, ஒரே வீச்சாக வீசினேன். அதுவும் வெள்ளைத் துண்டு.

ஊரே தண்ணீரில் குதித்தது. கரண்டிவாயன்கள் மொத்தமாக எழுந்து பறந்தே போயின. கரையோரக் கோயிலில் இன்னும் சூடம்கூட அணையவில்லை. பெரியவர் வேகமாக வந்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

"இந்த வருசம் நீயே ஆரம்பிச்சு வச்சுட்ட தாயி. இனி நான் வீசி என்னத்துக்கு, போய் மீனைப் புடி" என்றார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். பறவையைக் காட்ட முடியாமல் போச்சே என்று புலம்பினேன்.

"பறவை கெடக்கட்டும். துண்டை வீசிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டியே, அங்கருந்து அம்புட்டும் தெரிஞ்சுச்சு" என்றார்.

ஊர் மீனுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். அவர் கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை.