அப்பா மார்பில் போட்ட கோடுகள்

அப்பா சட்டையைக் கழற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மார்பில் ஊதா மையில் நீளமாகக் கோடுகள், நடுவில் ஒரு கூட்டல் குறி. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருந்தவரின் மகள் நான். கோடு போட்ட துணியில் அடுத்து விழுவது கத்தரி என்று எனக்குத் தெரியும்.

"உன்ன வெட்டப் போறாங்களாப்பா?" என்று அழுதேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே இருமலும் வந்தது.

"வெட்றதெல்லாம் இல்ல கண்ணு. நுரையீரல்ல கட்டி கீது. அந்த எடத்துல மட்டும் கரண்ட் வெப்பாங்க. அதுக்குத்தான் இந்த அடையாளம்."

கோடு அழியக்கூடாது, சோப்புப் போடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மே மாத வியர்வைக்கு அதை யார் சொல்வது? ஒரு காலையில் பாதிக் கோட்டைக் காணவில்லை. அப்பா அசரவில்லை. கண்ணாடி முன் நின்று, டேப்பால் அளந்து, என் ஸ்கெட்ச் பேனாவால் தானே வரைந்துகொண்டார். தொழில்காரர் இல்லையா.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு மெஷினை இயக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தார்.

"யாருங்க இத வரைஞ்சது? கொஞ்சம் தள்ளிப்போனா கரண்ட் நல்லா இருக்கிற எடத்துல பட்டுடுமே."

அன்றைக்குக் கரண்ட் வைக்கவில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு. ஊரார் ஜாக்கெட்டையெல்லாம் கச்சிதமாகத் தைத்தவருக்குத் தன் உடம்பிலேயே அளவு பிசகிவிட்டது.

ஆனாலும் கரண்ட் வேலை செய்தது. சளியில் வந்த ரத்தம் நின்றது. உட்கார்ந்தே தூங்கியவர் படுத்துத் தூங்கினார். "மூச்சு விடறது கொஞ்சம் சுலபமாகும்" என்று மட்டும்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் அதைக் குணமாகிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தார். எதற்கோ அம்மாவின் தோளை அளந்தார். பிறகு எனக்குச் சுடிதாராகத் தைத்துத் தள்ளினார். ஒன்றைவிட ஒன்று பெரிது. கடைசியில் தைத்ததில் என் விரல்கூட வெளியே தெரியவில்லை.

"இன்னாப்பா, எல்லாம் தொளதொளன்னு கீது?" என்று சண்டை போட்டேன். அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாவம், உடம்பு சரியில்லாதவர், அளவு தப்பியிருக்கும் என்று நானாகவே சமாதானமாகிக்கொண்டேன்.

அப்பா போய்ச் சில வருஷம் கழித்து, கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் அந்தக் கடைசிச் சுடிதாரைப் போட்டுப் பார்த்தேன். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. பையைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.